குளிரறை: பச்சை

மார்ச் 4

சின்னவளுக்கு,

என் வேலையைப் பிடுங்கியது நீதான். ஷிப்ட் இன்சார்ஜ் இல்லை, ஜி.எம். இல்லை. நீ.

இதை முதலில் எழுதிவிட்டேன். இனி மற்றதை எழுதலாம். நலமா என்று கேட்கப்போவதில்லை. கண்ணாடி அறைக்குள் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறவளுக்கு நலத்துக்கு என்ன குறைச்சல்.

நான் கிளம்பிய அன்று நீ மீட்டிங்கில் இருந்ததாகச் சொன்னார்கள். அதனால் என்ன நடந்தது என்று உனக்கு மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்திருக்கும். நான் சொல்கிறேன், கேள். இன்சார்ஜ் என்னை ஆபீசுக்குக் கூப்பிட்டார். மேசையில் கலரில் அச்சடித்த ஒரு காகிதம். நீளமாக ஒரு பட்டை, அதில் பச்சை, சிவப்பு, பச்சை, சிவப்பு. 

"இது உன் கையில இருக்கற ஸ்கேனர்ம்மா. பச்சைன்னா நீ வேலை செய்யறே. சிவப்புன்னா நீ ஆளே இல்ல. எவ்வளவு சிவப்பு பாரு."

"சார், நான் குளிரறையில இருந்தேன்."

"மத்தவங்களும்தான் குளிரறைக்குப் போறாங்க. அவங்களுக்கு இவ்வளவு சிவப்பு இல்லையே? உள்ள யார்கூட பேசிட்டிருந்தே?"

அந்த 'யார்கூட'வை அவர் இழுத்த விதத்தை இந்தக் காகிதத்தில் எழுதிக்காட்ட முடியாது. மற்றவர்கள் மாறி மாறிப் போகிறவர்கள், நான் ஒருத்திதான் ஷிப்ட் முழுக்க அங்கேயே கிடக்கிறவள் என்று சொன்னேன். இந்தக் காகிதத்தை யார் தயார் பண்ணியது என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

"மெஷின் சொல்லுது. உன் தங்கச்சி வெச்ச மெஷின்தானே? அவளையே போய்க் கேளு."

பக்கத்தில் இருந்த இரண்டு பேரும் சிரித்தார்கள். நல்ல நகைச்சுவை இல்லையா.

வேலை போனால் குடியிருப்பும் போச்சு. சாயங்காலத்துக்குள் அறையைக் காலி செய்யச் சொன்னார்கள். உன் துணி எது, என் துணி எது என்று பிரித்தேன். சோப்பு மட்டும் ஒன்றுதான் இருந்தது. அதை உனக்கே விட்டுவிட்டேன்.

இப்போது மாமா வீட்டு ஹாலில், சோபாவுக்கும் செருப்பு ஸ்டாண்டுக்கும் நடுவில் படுக்கிறேன். காலையில் கண்ணைத் திறந்ததும் அத்தை கேட்கிற முதல் கேள்வி: "லீவு இன்னும் முடியலையாம்மா?" 

உனக்கு போன் செய்யமாட்டேன். அந்தக் கிடங்குத் தகரக் கட்டடத்துக்குள் கம்பெனி வைஃபை தவிர வேறு சிக்னல் வராது. அதில் போவது எல்லாம் பதிவாகும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான். அதனால்தான் காகிதம். ஆள் இல்லாத மூலையில்கூட பெட்டி தூக்கும் ஃபோர்க்லிஃப்டை நிறுத்தி ஹாரன் அடிப்பாரே, அந்த ஹாரன் அண்ணனிடம் கொடுத்தனுப்புகிறேன். அவர் வீடு இங்கே பின் தெருதான். பதிலையும் அவரிடமே கொடு.

ஒரே கேள்வி. அந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது?

அக்கா


மார்ச் 9

அக்கா,

மீட்டிங்கிலிருந்து வந்தபோது உன் மெத்தை மடித்து சுவரோரம் நின்றது. அதை இன்னும் விரிக்கவில்லை. சோப்பையும் தொடவில்லை.

நீ நினைப்பது தப்பு. நான் வைத்தது ஆளைப் பார்க்கிற மெஷின் இல்லை, கம்பியைப் பார்க்கிற மெஷின். எப்படி வந்தது என்று உனக்கே பாதி தெரியும். போன வருடம் வரை காசு கட்டி ஒரு மென்பொருள் வைத்திருந்தார்கள். எந்த ஸ்விட்ச் செத்தது, எந்த வைஃபை பெட்டி மூச்சு விடுகிறது என்று அது சொல்லும். வருடம் முடிந்தது, ஜி.எம். கூப்பிட்டார். "இனிமே இதுக்கெல்லாம் ஒரு பைசா கிடையாது. நெட்ல ஓசியில எவ்வளவோ இருக்காமே. தேடு."

தேடினேன். நீ குளிரில் விறைத்த கையைச் சுடுதண்ணீரில் விட்டுக்கொண்டு என் புலம்பலைக் கேட்பாய், நினைவிருக்கிறதா? ஒன்று இறங்கவே மறுத்தது. ஒன்று இலவசம் என்று சொல்லிவிட்டு, பாதிக் கருவிகளைச் சேர்த்தபிறகு மீதிக்குப் பணம் கேட்டது. ஒன்றின் விளக்கம் முழுக்க எனக்கு எழுத்துக்கூடத் தெரியாத பாஷையில். கடைசியில் மூன்று அமைந்தன. அவற்றுக்கு நான் வைத்த பெயர்களைச் சொல்லி நீதான் சிரித்தாய். மோப்பக்காரன்: நெட்வொர்க்கில் என்னென்ன ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று முகர்ந்து கண்டுபிடிப்பான். கணக்குப்பிள்ளை: எந்தக் கம்பியில் எவ்வளவு ஓடுகிறது என்று கோடு போடுவான். காவல்காரன்: ஒவ்வொரு கருவியையும் ஓயாமல் 'இருக்கியா?' என்று கேட்பான். 'இருக்கேன்' என்று பதில் வந்தால் பச்சை. வராவிட்டால் சிவப்பு. அவ்வளவுதான் அவன் வேலை.

காவல்காரனை நிறுவும்போது நான் மாட்டிக்கொண்டேன். நெட்டில் ஒரு மன்றத்தில் கேள்வி போட்டேன். எந்த நாட்டுக்காரரோ, முகம்கூடத் தெரியாது, வரி வரியாகப் பதில் எழுதினார். அது சரிப்படவில்லை என்றதும் மறுபடி எழுதினார். பதிலுக்கு ஒன்றும் கேட்கவில்லை. உன்னிடம் சொன்னேன். "ஓசியில யாருடி இவ்வளவு பண்ணுவான்? வீட்டுல பேச ஆள் இல்லாதவனா இருப்பான்" என்றாய். எனக்கு மட்டும் அன்று முழுக்க சந்தோஷம். இந்த உலகத்தில் கணக்குப் பார்க்காமல் ஏதோ ஒன்று நடக்கிறது, அதில் எனக்கும் பங்கு இருக்கிறது என்று.

சுவரில் பெரிய டிவி மாட்டி அதில் காவல்காரனை ஓடவிட்டேன். கட்டம் கட்டமாகப் பச்சை. ஜி.எம். கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தார். "பிரமாதம். ஸ்கேனரையும் இதுல சேர்த்துடேன்" என்றார். ஸ்கேனர்கள் அடிக்கடி காணாமல்போய்க்கொண்டிருந்தன. சேர்த்தால் தேடச் சுலபம். யாரிடம் எது இருக்கிறது என்று தெரிய, பக்கத்தில் பெயர் போட்டேன். எல்லோர் பெயரும்தான்.

சிவப்பு என்றால் பதில் வரவில்லை என்று அர்த்தம், ஆள் இல்லை என்று அர்த்தம் இல்லை. இதை இன்சார்ஜிடம் நான் சொன்னேன், அக்கா. "ரெண்டும் ஒண்ணுதானே" என்றார்.

இதற்குமேல் நான் என்ன செய்திருக்க முடியும்?

சின்னு


மார்ச் 15

சின்னவளுக்கு,

உன் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். மோப்பக்காரன் வந்தான், கணக்குப்பிள்ளை வந்தான், முகம் தெரியாத புண்ணியவான் வந்தான். குளிரறை வரவேயில்லை. என் வேலை போனது குளிரறையில். அந்த வார்த்தையையே எழுதாமல் இவ்வளவு நீளம் எழுத உனக்கு எப்படி முடிந்தது?

குளிரறைக் கூரையில் ஒரு வைஃபை பெட்டி இருக்கிறது. பனி மூடி வெள்ளையாகத் தொங்கும். முன்பு அதில் ஒரு சின்ன விளக்கு எரியும். அந்த வெளிச்சம் நின்று எவ்வளவோ நாளாகிறது. உன்னிடம் சொன்னேன். "ஸ்கேனர்ல வட்டம் சுத்திட்டே இருக்குடி, கதவுக்கு வெளிய வந்தாத்தான் கணக்கு ஏறுது" என்றேன். "பார்க்கறேன்க்கா" என்றாய். 

பார்த்தாயா?

ஹாரன் அண்ணனிடம் உன் டிவியைப் பார்த்து வரச் சொன்னேன். கண்ணாடிக்கு வெளியே நின்று, வாய்விட்டுப் படித்து மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்தார் பாவம். கேட் இருக்கிறதாம். கேன்டீன் இருக்கிறதாம். லோடிங், பேக்கிங், நடைபாதை எல்லாம் இருக்கிறதாம். "குளிரறைன்னு ஒரு கட்டமே இல்லம்மா" என்கிறார். செத்த பெட்டி சிவப்பாக அல்லவா நிற்கவேண்டும்? உன் காவல்காரன் கேட்டு அது பதில் சொல்லாமல் இருந்தால் சிவப்பு என்று நீதானே எழுதினாய்? அந்தச் சிவப்பு எங்கே போயிற்று?

நான் தொழிலாளர் அலுவலகத்தில் மனு கொடுத்திருக்கிறேன். அங்கிருக்கும் அலுவலர் மோசமில்லை. மூக்குக் கண்ணாடியைத் தேடுவதிலேயே பாதி நேரம் போகிறது, ஆனாலும் காது கொடுத்துக் கேட்கிறார். "நெட்வொர்க் இல்லன்னு நீங்க சொன்னா போதாதும்மா. நெட்வொர்க் பார்க்கிறவங்க சொல்லணும்" என்றார். ஏப்ரல் 2 விசாரணை. நீ ஒரு வரி எழுதினால் போதும். 'குளிரறையில் வைஃபை பெட்டி வேலை செய்யவில்லை.' கீழே கையெழுத்து.

ஒரு வரி. இரண்டு பக்கம் எழுதத் தெரிந்தவளுக்கு அது பெரிய காரியமா?

அக்கா


மார்ச் 22

அக்கா,

கையெழுத்துப் போட முடியாது. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன், பிறகு என்னால் எழுத முடிந்தால் எழுதுகிறேன்.

பெட்டி செத்தது எனக்குத் தெரியும். செத்த அன்றே காவல்காரன் சொன்னான். உள்ளே ஈரம் இறங்கியிருந்தது. குளிர் தாங்குகிற புதுப்பெட்டி வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். "அடுத்த வருஷம் பார்க்கலாம்" என்று பதில் வந்தது. சுவர் டிவியில் அந்த ஒரு கட்டம் மட்டும் சிவப்பாக மின்னிக்கொண்டே இருந்தது. எனக்கு அது நல்லதாகத்தான் பட்டது. தினம் பார்த்தால் ஒருநாள் உறுத்தும், வாங்கித் தருவார்கள் என்று நினைத்தேன்.

பிறகு அந்தப் பெரிய வாடிக்கையாளர் கோட்டும் சூட்டுமாகச் சுற்றிப் பார்க்க வந்தார், தெரியும்தானே? அன்று காலை ஜி.எம். டிவி முன்னால் நின்றார். 

"அந்தச் சிவப்பை எடு."

"பெட்டியை மாத்தினாதான் சார் போகும்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. உன் சாஃப்ட்வேர்ல ஏதாவது வழி இருக்குமே."

இருந்தது. 'பராமரிப்பில்' என்று ஒரு பொத்தான். ஒரு கருவியை நாமே கழற்றிப் பழுதுபார்க்கும்போது காவல்காரன் வீணாகக் கத்தாமல் இருக்க அதைப் போடுவோம். போட்டால் அந்தக் கட்டம் திரையை விட்டே போய்விடும். நம்பி வைத்திருக்கிற பொத்தான் அது. யாரோ பழுது பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று காவல்காரன் நம்புவான். போட்டேன். விருந்தாளி போனதும் எடுத்துவிடலாம் என்று இருந்தேன். விருந்தாளி போனார். டிவி முழுக்கப் பச்சையாக இருந்தது. "இப்படியே இருக்கட்டும்" என்றார் ஜி.எம்.

அதற்குப் பிறகு குளிரறையில் பெட்டிக்காகக் கத்த ஆள் இல்லை. உள்ளே இருந்த ஸ்கேனர் மட்டும் கத்தியது. உன் பெயரில்.

நான் வேண்டுமென்று செய்யவில்லை என்று எழுதி எழுதி அடித்துவிட்டேன். அடித்த காகிதத்தைக் கிழித்துப் போட்டேன்.

என் நிலைமையைக் கேள். மூன்று வருட ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். என் அசல் சான்றிதழ்கள் ஜி.எம். அலமாரியில். தூங்குவது அவர்கள் கட்டிலில். கேட்டைத் திறப்பது அவர்கள் கார்டு. அந்த கேட்கூட என் நெட்வொர்க்கில்தான் ஓடுகிறது, அக்கா. உட்கார்ந்த இடத்திலிருந்து என்னால் அதைத் திறக்க முடியும். திறந்தால் திறந்தது யார் என்று பதிவாகும். அந்தப் பதிவையும் நான்தான் ஏற்படுத்தினேன். இந்த மாதிரி மென்பொருளுக்குத் தமிழில் கட்டற்ற மென்பொருள் என்று பெயராம். எனக்குச் சிரிப்புகூட வரவில்லை.

நீ வேலை போய் வெளியே இருக்கிறாய். கோபித்துக்கொள்ளாதே, சில நாள் உன்மேல் பொறாமையாக இருக்கிறது.

சின்னு


ஏப்ரல் 3

சின்னவளுக்கு,

பொறாமையா? வா, வந்து இந்தச் செருப்பு ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒருநாள் படுத்துப் பார். மாமாவின் ஷூ என் தலைக்கு நேராக இருக்கிறது. அத்தை இப்போது லீவைப் பற்றிக் கேட்பதில்லை. பாத்திரத்தைச் சத்தமாக வைக்கிறாள்.

விசாரணை நடந்தது. கம்பெனியிலிருந்து டை கட்டிய ஒருவர் மடிக்கணினியோடு வந்தார். அலுவலர் பக்கம் திருப்பிக் காட்டினார். "இவங்களுக்குச் சிவப்பு விழுந்த நாள்கள்ல குளிரறையில பழுதுன்னு எங்க சிஸ்டத்துல ஒரு பதிவும் இல்ல சார்." பொய் இல்லை பார். பழுது என்று பதிவு இல்லைதான். பொத்தான் போட்டு வைத்திருந்தால் எப்படி இருக்கும்?

அலுவலர் என்னைக் கேட்டார். "பெட்டி வேலை செய்யலைன்னு உங்களுக்கு எப்படிம்மா தெரியும்? அங்க டெக்னிக்கல் ஆள் யாராவது சொன்னாங்களா?"

உன் கடிதம் என் பைக்குள்தான் இருந்தது. கையை உள்ளே விட்டேன். காகிதம் விரலில் தட்டுப்பட்டது. 'ஆமாம் சார், என் தங்கச்சி எழுதியிருக்கா' என்று எடுத்துப் போட்டிருந்தால் எனக்கு அந்த நிமிடமே வேலை திரும்பியிருக்கும். உனக்குப் போயிருக்கும்.

"யாரும் சொல்லல சார். உள்ள நின்னவ நான். எனக்குத் தெரியும்" என்றேன். டை கட்டியவர் மடிக்கணினியை மூடினார்.

நான் நல்லவள் என்று நினைத்துக்கொள்ளாதே. வீட்டுக்கு வருகிற வழி முழுக்க உன்னைத் திட்டிக்கொண்டே வந்தேன். கம்ப்யூட்டர் படித்த தங்கை இருக்கிறாள் என்று அந்த ஜி.எம். முன்னால் போய்ப் பல்லைக் காட்டி உன்னைச் சேர்த்துவிட்டவளே நான்தானே, அந்த எரிச்சல்.

அதை விடு. இன்னொன்று மண்டையைக் குடைகிறது. என் இடத்தில் இப்போது குருவியைப் போட்டிருப்பதாக ஹாரன் அண்ணன் சொன்னார். பேக்கிங்கில் இருப்பாளே, பேசினால் நிறுத்தத் தெரியாத ஒல்லிப் பெண், அவள். குளிரறைக் கதவின் உள்பக்கக் குமிழ் பனி பிடித்தால் திரும்பாது. நான் எப்போதும் கதவிடுக்கில் ஒரு மரக்கட்டையைச் சொருகிவிட்டுத்தான் உள்ளே போவேன். அவளுக்கு அது தெரியாது. ஸ்கேனரில் 'உதவி' என்று ஒரு பொத்தான் இருக்கிறது அல்லவா, ஆபத்து என்றால் அமுக்கு என்று முதல்நாள் சொல்லித்தருவார்களே. அதுவும் அந்தச் செத்த பெட்டி வழியாகத்தானே போகவேண்டும்?

கட்டை வைக்காமல் உள்ளே போகவேண்டாம் என்று அவளிடம் சொல். கையெழுத்துத்தான் போட முடியாது, வாயைத் திறக்க முடியும்தானே? இன்றே சொல்.

அக்கா


ஏப்ரல் 11

அக்கா,

சொன்னேன். உன் கடிதம் வந்த அன்றே பேக்கிங் பக்கம் போய் குருவியிடம் சொன்னேன். "ஐயோ, நல்லவேளை சொன்னீங்க, எனக்கு உள்ள போனாலே பேய் வீடு மாதிரி இருக்கு" என்றாள். கட்டையும் வைத்தாள். இரண்டாவது நாள் இன்சார்ஜ் காலால் தட்டி எடுத்துவிட்டார். "குளிரெல்லாம் வெளிய போகுது. கரண்ட் பில் உங்க அப்பனா கட்டுவான்?"

நேற்று முன்தினம் என் டிவியில் அவள் பெயர் சிவப்பானது. இன்சார்ஜ் டீயோடு என் அறைக்கு வந்திருந்தார். "பாரு, உங்க அக்கா இடத்துக்கு வந்தவளுக்கும் அதே வியாதி தொத்திக்கிச்சு" என்றார். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் திரையைப் பார்த்தேன். எனக்குப் பதற்றமே வரவில்லை, அக்கா. ஏன் தெரியுமா? அந்தச் சிவப்பு எதனால் வருகிறது என்று இந்தக் கட்டடத்திலேயே எனக்கு மட்டும்தானே தெரியும். பெட்டி இல்லை, அதனால் சிவப்பு, வெளியே வந்தால் பச்சையாகிவிடும். அப்படியே உட்கார்ந்து வேறு வேலை பார்த்தேன்.

வேறு வேலை முடிந்து நிமிர்ந்தேன். இன்னும் சிவப்பு. அவள் எப்போதும் நடுநடுவே வெளியே வந்து யாரிடமாவது வாயாடிவிட்டுப் போவாள், அப்போதெல்லாம் ஒரு துளி பச்சை விழும். இந்தத் தடவை ஒரு துளிகூட இல்லை.

ஓடினேன். செருப்பு கழன்றதுகூடத் தெரியவில்லை. கதவு திறக்கவில்லை. ஹாரன் அண்ணனைக் கத்திக் கூப்பிட்டேன். ஃபோர்க்லிஃப்டின் இரும்புக் கையைக் கதவிடுக்கில் விட்டு நெம்பினார். அன்று மட்டும் அவர் ஹாரன் அடிக்கவில்லை. குருவி கதவுக்கு அந்தப் பக்கம், பட்டாணிப் பெட்டிமேல் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ஸ்கேனர் கையில். கட்டைவிரல் உதவிப் பொத்தான்மேல். விரலைப் பிரிக்க முடியவில்லை.

உயிருக்கு ஒன்றுமில்லை. இடது கையில் இரண்டு விரல் எப்படி ஆகும் என்று இப்போது சொல்ல முடியாதாம். கம்பெனி என்ன சொல்கிறது தெரியுமா? தூங்குவதற்காக உள்ளே ஒளிந்துகொண்டாளாம். உறைகிற குளிரில். சாட்சிக்கு என் திரை. 'பாருங்க, எவ்வளவு நேரம் சிவப்பு.'

இன்னும் முடியவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து தகவல் போய், உன் அலுவலர் நேரில் வருகிறேன் என்றாராம். ஜி.எம். என்னைக் கூப்பிட்டார். கதவை மூடினார். புதுப்பெட்டிக்குச் சொல்லியாயிற்று, வர நாளாகும் என்றார். "அதுவரைக்கும் திரையில குளிரறை இருக்கணும். பச்சையா இருக்கணும். அவர் கேட்டா இருக்குன்னு காட்டணும்."

"பெட்டியே இல்லாம எப்படி சார்?"

"நீ கெட்டிக்காரி. உனக்கு வழி தெரியும்."

தெரியும். அதுதான் கஷ்டம். காவல்காரனுக்குப் பெயரும் முகவரியும் நாம் கொடுப்பதுதான். 'குளிரறை' என்ற பெயருக்குக் கீழே கேன்டீன் பெட்டியின் முகவரியைப் போட்டுவிட்டால், அவன் கேன்டீனைக் கூப்பிட்டு 'இருக்கியா?' என்பான், அது 'இருக்கேன்' என்னும், இங்கே குளிரறை பச்சையாகும். நம்பிவிடுவான். சொன்னதை நம்புவதைத் தவிர அவனுக்கு ஒன்றும் தெரியாது.

இன்னும் செய்யவில்லை. சிஸ்டம் மெதுவாக இருக்கிறது, அது இது என்று சாக்குச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். நேற்று கேட்டில் என் கார்டைக் காட்டினேன். விளக்கு எரியவில்லை. செக்யூரிட்டி தாத்தா என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். "நீங்க உள்ளயே இருக்கணுமாம்மா. மேலேருந்து சொல்லியிருக்காங்க."

நான் என்ன செய்யட்டும்? நீ சொல். சின்ன வயதில் எல்லாவற்றுக்கும் நீதானே சொல்வாய்.

சின்னு


ஏப்ரல் 14

சின்னு,

ஆஸ்பத்திரிக்குப் போனேன். குருவிக்குக் கையில் பெரிய கட்டு. என்னைப் பார்த்ததும் பேச ஆரம்பித்துவிட்டாள். நிறுத்தவில்லை, நல்லது, அவள் அவளாகத்தான் இருக்கிறாள். ஆனால் சொன்னதையே சொல்கிறாள்.

"அமுக்கினேன்க்கா. அமுக்கிட்டே இருந்தேன். அமுக்கும்போதெல்லாம் அதுல லைட்டு எரிஞ்சுதுக்கா. அதான் போயிருச்சு, வந்துருவாங்கன்னு உக்காந்துட்டேன். இல்லன்னா கதவைத் தட்டிக்கிட்டாவது இருந்திருப்பேன்ல?"

கேட்டாயா? விளக்கு எரிந்ததாம்.

நீ கேட்டதற்குப் பதில். என்ன செய்யட்டும் என்கிறாய். ஒன்றும் செய்யாதே. கையெழுத்து வேண்டாம். சாட்சி வேண்டாம். என் வேலையைக்கூட விடு, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். அந்தக் கேன்டீன் முகவரியை மட்டும் போடாதே. நீ போட்ட 'பராமரிப்பு'ப் பொத்தானை எடுத்துவிட்டுச் சும்மா உட்கார். காவல்காரன் அவன் வேலையைப் பார்க்கட்டும். அலுவலர் 20-ஆம் தேதி வருகிறார். அவர் அந்த டிவியைப் பார்க்கும்போது குளிரறை சிவப்பாக இருக்கவேண்டும். அவ்வளவுதான்.

யாராவது கேட்டால், சிவப்பு தானாக வந்துவிட்டது என்று சொல். உன் மெஷின் பொய் சொல்லாது என்று அவர்களே சொல்கிறார்களே, அதையே அவர்களுக்குத் திருப்பிச் சொல்.

வெளியே வந்தால் படுக்க இடம் இருக்கிறது. சோபாவை நகர்த்தினால் இரண்டு பேர் படுக்கலாம். அத்தையிடம் சொல்லிவிட்டேன். "ரெண்டு பேருக்கும் லீவா?" என்றாள். "ஆமா அத்தை" என்றேன்.

பயமாகத்தான் இருக்கும். எனக்கும்தான் தினம் அந்தக் கதவுக்குள் போகும்போது பயமாக இருந்தது. உன்னிடம் சொன்னதில்லை.

அக்கா


ஏப்ரல் 22

சின்னு,

உன்னிடமிருந்து பதில் இல்லை.

அலுவலர் வந்துவிட்டுப் போனார் அல்லவா, நேற்று அவரைப் பார்க்கப் போனேன். டிவியில் என்ன சார் இருந்தது என்று கேட்டேன். "எல்லாம் பச்சையா இருந்துச்சும்மா. குளிரறையும் இருந்துச்சு, பச்சைதான். ரொம்ப நல்ல சிஸ்டம். விலை அதிகமான்னு கேட்டேன், ஓசிதான்னாங்க." அவருக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. அவர் ஆபீசுக்கும் ஒன்று தேடச் சொல்லப்போகிறாராம்.

நான் வெளியே வந்து அந்த வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ஹாரன் அண்ணனைக் கேட்டேன். போன கடிதத்தை உன் கையில்தான் கொடுத்தாராம். வாங்கினாயாம், டிராயரில் போட்டாயாம், பிரிக்கவில்லையாம். கண்ணாடி வழியாகப் பார்த்தால் தலையை நிமிர்த்துவதே இல்லையாம். உன் கார்டு இன்னும் கேட்டில் எரிவதில்லை என்றும் சொன்னார். அப்படியென்றால் அவர்கள் சொன்னதைச் செய்தபிறகும் உன்னை விடவில்லை. இனி விடவும் மாட்டார்கள். நீ செய்தது உனக்குத் தெரியும், அதனால்.

ஒருவேளை புதுப்பெட்டி நிஜமாகவே வந்துவிட்டதோ, உன்னைச் சந்தேகப்படுகிறேனோ என்று ஒரு நப்பாசை. அதற்காகத்தான் ஹாரன் அண்ணனிடம் இன்று ஒரு வேலை சொன்னேன். கேன்டீனில் தண்ணீர் குடிக்கிற சாக்கில் அந்த வைஃபை பெட்டியின் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, ஒன்றும் தெரியாதவர் மாதிரி உன் கண்ணாடிப் பக்கம் நடந்திருக்கிறார். சுவரில் கேன்டீன் சிவப்பாயிற்று. கூடவே குளிரறையும் சிவப்பாயிற்று. திரும்பப் போய்ச் சொருகினார். இரண்டும் சேர்ந்து பச்சையாயிற்று. "ரெட்டைப் பிள்ளைங்க மாதிரிம்மா" என்றார். நீ அதைப் பார்த்தாய் என்றும் சொன்னார். நாற்காலியிலிருந்து பாதி எழுந்தாயாம். பிறகு உட்கார்ந்துவிட்டாயாம்.

ஆக, போட்டுவிட்டாய்.

அலுவலர் கையில் காலில் விழுந்து இன்னொரு தடவை வரச் சம்மதிக்க வைத்திருக்கிறேன். 29-ஆம் தேதி. கம்பெனிக்குச் சொல்லாமல் வருகிறோம். மனுதாரர் என்ற முறையில் நானும் கூட வரலாமாம். உன் கண்ணாடிக்கு வெளியே நிற்பேன்.

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது ஹாரன் அண்ணனை அந்தப் பிளக்கைப் பிடுங்கச் சொல்லலாம். ஒரு நிமிட வேலை. என் வேலை எனக்கு வரும், குருவி தூங்கப் போகவில்லை என்று ஊருக்குத் தெரியும். ஆனால் ஜி.எம். என்ன சொல்வார் என்று எனக்கு இப்போதே கேட்கிறது. 'நெட்வொர்க் பார்க்கற பொண்ணு பண்ணின தில்லுமுல்லு சார், எங்களுக்கு ஒண்ணும் தெரியாது.' என்னை எப்படித் தூக்கினார்களோ அப்படியே உன்னைத் தூக்கிப் பழி முழுவதையும் உன் தலையில் வைத்து வெளியே போடுவார்கள். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவள் நீ, முகவரி மாற்றியவள் நீ, பதிவில் இருப்பது உன் பெயர். அதையும் நீதானே ஏற்படுத்தினாய்.

நீயாகச் செய்தால் வேறு. அவர்கள் செய்யச் சொன்னதை நீயே அழித்தாய் என்று ஆகும். அலுவலர் முன்னால், உன் கையால்.

ஹாரன் அண்ணன் கேன்டீன் வாசலில், நான் நிற்கிற இடத்திலிருந்து தெரிகிற மாதிரி, தண்ணீர் டம்ளரோடு நிற்பார். நிற்கச் சொல்லிவிட்டேன். நான் திரும்பி அவரைப் பார்த்துத் தலையை ஆட்டினால் பிடுங்குவார். ஆட்டும்படி வைத்துவிடாதே. விசாரணையில் உன் கடிதத்தைப் பையிலிருந்து எடுத்துப் போடாதவள் நான். இரண்டாவது தடவையும் அப்படி நிற்க என்னால் முடியுமா என்று எனக்குத் தெரியவில்லை. குருவியின் கையில் போட்ட கட்டு இன்னும் பிரிக்கப்படவில்லை.

இந்தக் கடிதத்தையும் டிராயரில் போடுவாயோ என்னவோ. அதற்காக மேலே உறையிலேயே பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறேன், பிரிக்காவிட்டாலும் தெரியட்டும் என்று. உள்ளேயும் எழுதுகிறேன்.

தலையை நிமிர்த்து. கண்ணாடிக்கு வெளியே நிற்கிற என்னைப் பார். பார்த்துவிட்டு, குளிரறையைச் சிவப்பாக்கு.

அக்கா